ஐயெல்ட்ஸ் தேர்வு: முதல்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 5.5. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 7. ஓவரால் ஏழு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் கேட்டிருப்பது "ஓவரால் 6.5, எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது" என்பது. விண்ணப்பம் திரும்பிவிடும். அதே பல்கலைக்கழகத்துக்கு நான்கிலும் 6.5 எடுத்தவர் சிக்கல் இல்லாமல் போய்விடுவார்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸை, பேச்சுவழக்கில் ஐயெல்ட்ஸை, புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: பெரும்பாலான இடங்களில் உங்கள் விண்ணப்பத்தின் கதியைத் தீர்மானிப்பது நான்கு பிரிவுகளில் உங்களுடைய மிகக் குறைந்த பேண்ட், அதாவது 9 வரை தரப்படும் மதிப்பெண். தேர்வு வகை, தயாரிப்பு நேரம், மறுதேர்வு எல்லாவற்றையும் அதைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

உங்களிடம் கேட்பது யார், என்ன கேட்கிறார்கள்?

கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் போக விரும்பும் பல்கலைக்கழகம், தொழில் பதிவு மன்றம் அல்லது குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்துக்குப் போய், ஆங்கிலத் தகுதி என்ற பகுதியை நீங்களே படியுங்கள். ஏஜென்ட் சொன்னது, அண்ணன் போன வருஷம் எழுதியது, யூடியூபில் பார்த்தது எதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கனடா மாணவர் விசாவில் எஸ்டிஎஸ் என்ற விரைவுப் பிரிவு 2024 நவம்பர் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றைக்கும் அதை மனதில் வைத்து ஆலோசனை சொல்லும் பழைய வீடியோக்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்தப் பக்கத்தில் நான்கு விஷயங்களைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தேர்வுகளை ஏற்கிறார்கள், அதில் எந்த வகை, ஓவரால் எவ்வளவு, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் எவ்வளவு.

வகை என்பது முக்கியம். ஐயெல்ட்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இரண்டு பெரிய பிரிவுகள். பட்டப்படிப்பு, மேற்படிப்பு, மருத்துவர் அல்லது செவிலியர் பதிவு என்றால் பொதுவாக அகாடமிக். குடியேற்றம், வேலை அனுபவம் சார்ந்த விண்ணப்பம் என்றால் பெரும்பாலும் ஜெனரல் டிரெயினிங். புள்ளி அடிப்படையில் ஆளெடுக்கும் கனடாவின் குடியேற்றத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஜெனரல் டிரெயினிங்தான் வேண்டும். அகாடமிக்கில் எட்டு எடுத்திருந்தாலும் அங்கே செல்லாது. லிசனிங், ஸ்பீக்கிங் இரண்டும் இரு வகையிலும் ஒன்றே. ரீடிங்கும் ரைட்டிங்கும்தான் வேறுபடும்.

பிரிட்டனுக்கு என்றால் கூடுதல் கவனம் தேவை. சில விசாக்களுக்கு 'யுகேவிஐ' என்ற பெயரோடு வரும் ஐயெல்ட்ஸைத்தான் எழுத வேண்டும். வினா அமைப்பு, மதிப்பீடு எல்லாம் வழக்கமான தேர்வைப் போலவே இருக்கும். ஆனால் பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில், கூடுதல் அடையாளச் சோதனையோடு நடக்கும். சாதாரண ஐயெல்ட்ஸை எழுதிவிட்டு அதை யுகேவிஐ ஆக மாற்றித் தரச் சொல்ல முடியாது. கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர முதல்முறை குடும்ப விசா கேட்பவர்களுக்கு இவ்வளவு பெரிய தேர்வு தேவையில்லை. லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்ற சிறு தேர்வு போதும். கேட்பதும் பேசுவதும் மட்டும்தான், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து நடத்துவார்கள். பேண்ட் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். இதைத் தெரியாமல் ஜெனரல் டிரெயினிங்குக்கு மாதக்கணக்கில் படிக்கிற பெண்கள் உண்டு.

பிரிட்டனில் செவிலியர் பதிவுக்கு அங்குள்ள செவிலியர் மன்றமான என்எம்சி கேட்பது அகாடமிக்கில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. மருத்துவர்களுக்கு அங்குள்ள மருத்துவ மன்றமான ஜிஎம்சி கேட்பது ஒவ்வொன்றிலும் 7, ஓவரால் 7.5. இந்த இரு தொழிலுக்கும் ஓஇடி என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வும் ஏற்கப்படுகிறது. நோயாளி குறிப்பைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது போன்ற பணி சார்ந்த வினாக்கள் என்பதால், ஐயெல்ட்ஸ் ரைட்டிங்கில் திரும்பத் திரும்ப அரை பேண்டில் தவறவிடும் செவிலியர்கள் அதையும் யோசிக்கலாம்.

தேர்வே தேவையில்லாத நிலையும் உண்டு. அமெரிக்க மாணவர் விசாவுக்கென்று தனியாக ஆங்கிலத் தேர்வு கிடையாது. மதிப்பெண் கேட்பது பல்கலைக்கழகம்தான். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கின்றன. எந்தப் பாடத்திட்டம், எவ்வளவு மதிப்பெண் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வந்துவிடும்.

கனடா கணக்கு: அரை பேண்டின் விலை

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஐயெல்ட்ஸ் பேண்டை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சிஎல்பி என்ற கனடிய அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். அதில் திறன் பணியாளர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுக்குக் குறைந்தபட்சம் சிஎல்பி 7, அதாவது நான்கிலும் 6. ஆனால் அது வாசலைத் தாண்டத்தான். போட்டிக்கு நிற்க வேண்டுமென்றால் எல்லோரும் குறிவைப்பது சிஎல்பி 9: லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7.

லிசனிங்கில் மட்டும் 8 என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் லிசனிங் 7.5, ரீடிங் 7.5, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவரால் 7.5 என்று வரும். ஆனால் லிசனிங் சிஎல்பி 8 ஆகிவிடுகிறது. துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவருக்கு அந்த ஒரு பிரிவில் 31 புள்ளிக்குப் பதில் 23. இழப்பு 8 தானே என்று தோன்றும். உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. படிப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தரும் புள்ளி, வெளிநாட்டு வேலை அனுபவத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தரும் புள்ளி என்று இரண்டு இருக்கின்றன. முதுகலைப் பட்டமும் மூன்று வருட அனுபவமும் உள்ளவருக்கு நான்கிலும் சிஎல்பி 9 இருந்தால் 50, 50. ஒன்றே ஒன்று சிஎல்பி 8 ஆனாலும் 25, 25. ஆக மொத்த இழப்பு 58 புள்ளி. காரணம் லிசனிங்கில் போன இரண்டு மூன்று விடைகள். ஒரு பிரிவில் அரை பேண்டுக்காக மறுபடி எழுதுவது வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

கனடா குடியேற்றத்துக்கு செல்பிப், பிடிஇ கோர் ஆகிய தேர்வுகளும் செல்லும். பிடிஇ அகாடமிக் வேறு, பிடிஇ கோர் வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் தவறாகப் பதிவு செய்துவிடக் கூடாது.

பேண்ட் எப்படி வருகிறது?

லிசனிங்கிலும் ரீடிங்கிலும் தலா 40 வினாக்கள், வினாவுக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆகவே எதையும் வெற்றாக விடாதீர்கள். தோராயமாக லிசனிங்கில் 23 சரி என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. அகாடமிக் ரீடிங்கிலும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜெனரல் டிரெயினிங் ரீடிங் பகுதிகள் எளிது என்பதால் அளவு கடுமை: 30 சரி என்றால் 6 தான், 7க்கு 34 வேண்டும். ஜெனரல் டிரெயினிங் எழுதுபவர்கள் அகாடமிக் அட்டவணையைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாளுக்குத் தாள் ஓரிரு மதிப்பெண் மாறும்.

ஓவரால் என்பது நான்கின் சராசரி, பக்கத்து அரை பேண்டுக்குச் சரிசெய்தது. சராசரி .25 என்று முடிந்தால் மேலே உள்ள அரைக்குப் போகும், .75 என்றால் அடுத்த முழு எண்ணுக்குப் போகும். 6.5, 6.5, 5, 7 என்றால் சராசரி 6.25, ஓவரால் 6.5. அதுவே 6.5, 6.5, 5.5, 6 என்றால் சராசரி 6.125, ஓவரால் 6.

பதிவு செய்யும்போது: பெயரில்தான் முதல் சிக்கல்

தேர்வை இந்தியாவில் ஐடிபி என்ற நிறுவனம் நடத்துகிறது, இலங்கையில் ஐடிபி, பிரிட்டிஷ் கவுன்சில் இரண்டும் நடத்துகின்றன. யார் நடத்தினாலும் சான்றிதழின் மதிப்பு ஒன்றுதான். பாஸ்போர்ட் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள். பதிவில் கொடுத்த அதே பாஸ்போர்ட்டின் அசல் தேர்வு நாளில் கையில் இருக்க வேண்டும். நகல் செல்லாது, கைப்பேசியில் உள்ள படமும் செல்லாது.

தமிழர்களுக்கு இன்ஷியல் ஒரு பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் 'செ. கவிதா', பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'கவிதா', சர்நேம் 'செல்வராஜ்', இன்னொருவருக்குக் கிவன் நேமில் 'கவிதா செல்வராஜ்' என்று முழுதும் இருந்து சர்நேம் காலியாக இருக்கும். தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சான்றிதழில் இருக்கிறதே என்று இன்ஷியலைச் சேர்க்காதீர்கள், விரித்தும் எழுதாதீர்கள். சர்நேம் காலியாக இருந்து படிவம் அதைக் கட்டாயம் கேட்டால், கற்பனையாக எதையும் நிரப்பாமல், பணம் கட்டும் முன் மையத்தைக் கேட்டு அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் விசா படிவத்திலும் அதே முறையைப் பின்பற்றுங்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால் புதுப்பித்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது. பதிவுக்குப் பிறகு எண் மாறினால் தேர்வு நாளுக்கு முன்பே மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தேர்வு எழுதிய பிறகு பாஸ்போர்ட் மாறினால், மதிப்பெண் சான்றில் பழைய எண்தான் இருக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்பாவது எழுதினால்தான், மதிப்பெண் குறைந்தாலும் இன்னொரு முறைக்கு இடம் இருக்கும். அதற்காக மிக முன்னதாகவும் எழுத வேண்டாம். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்கப்படும்.

கணினியா காகிதமா என்று தேர்வு கிடைத்தால், சுமாராகத் தட்டச்சு தெரிந்தவர்கள் கணினியை எடுப்பதே நல்லது. ரைட்டிங்கில் எத்தனை சொல் ஆயிற்று என்று திரையிலேயே தெரியும், பத்தியை வெட்டி இடம் மாற்றலாம், முடிவும் சில நாள்களில் வந்துவிடும். காகிதத்துக்குப் பதின்மூன்று நாள். ஆனால் எழுத்துப்பிழை காட்டும் வசதி கணினியில் கிடையாது. வீட்டில் பயிற்சி செய்யும்போது அதை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

லிசனிங்

சுமார் 30 நிமிடம், நான்கு பகுதிகள், பகுதிக்குப் பத்து வினா. முதலாவது அன்றாட உரையாடல், இரண்டாவது ஒருவர் தரும் தகவல், மூன்றாவது மாணவர்களும் ஆசிரியரும் பேசுவது, நான்காவது ஒரு விரிவுரை. ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். காகிதத் தேர்வில் விடையை எடுத்தெழுதப் பத்து நிமிடம் தருவார்கள். கணினியில் சரிபார்க்க இரண்டு நிமிடம் மட்டும், ஆகவே கேட்கும்போதே தட்டச்சு செய்துவிட வேண்டும்.

முதல் பகுதியில் பத்துக்குப் பத்து எடுக்க முடியும், எடுக்கவும் வேண்டும். அங்கே மதிப்பெண் போகும் இடங்கள் சில்லறையானவை. எழுத்துகளைச் சொல்லச் சொல்ல எழுதும்போது 'ஏ'யும் 'ஈ'யும் 'ஐ'யும் குழம்பும், 'ஜி'யும் 'ஜே'யும் குழம்பும். 'டபுள் எல்' என்றால் ஒரு 'எல்' எழுதிவிட்டுப் போவோம். பதின்மூன்றா முப்பதா, பதினைந்தா ஐம்பதா என்பது இன்னொன்று. தொகைகள், தேதிகள், தெருப் பெயர்கள், தொலைபேசி எண்களை யாரையாவது வாசிக்கச் சொல்லித் தினம் பத்து நிமிடம் எழுதிப் பழகினால் இரண்டு வாரத்தில் இது சரியாகிவிடும்.

அடுத்த வலை திருத்தம். பேசுபவர் "செவ்வாய்க்கிழமை வருகிறேன்" என்பார், பிறகு "இல்லை, அன்றைக்கு வேலை இருக்கிறது, வியாழன் வைத்துக்கொள்வோம்" என்பார். முதலில் காதில் விழுந்ததை எழுதியவர் அங்கேயே நின்றுவிடுவார். 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று சொல்லியிருந்தால் மூன்று சொல் எழுதிய விடை, கருத்து சரியாக இருந்தாலும் பூச்சியம். பன்மைக்குரிய 'எஸ்' விட்டுப்போனாலும் விடை தவறு. தமிழில் 'நாலு புத்தகம்' என்று ஒருமையிலேயே சொல்லிப் பழகிய நமக்கு அந்தக் கடைசி ஒலி காதில் விழுவதே குறைவு. ஒலிக்குக் காத்திருக்காமல், வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து அங்கே ஒருமை வருமா பன்மை வருமா என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் ஏற்கப்படும்.

நான்காம் பகுதியில் இடைவேளையே கிடையாது. ஒரு விடை தவறிப்போனால் அதைத் தேடிக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒன்றைப் பிடிக்கப் போய் மூன்றை விடுவதுதான் இங்கே நடக்கிற விபத்து.

ரீடிங்

60 நிமிடம், 40 வினா. அகாடமிக்கில் மூன்று நீண்ட பகுதிகள், மொத்தம் 2150 முதல் 2750 சொற்கள் வரை. விடையை எடுத்தெழுதத் தனி நேரம் கிடையாது, காகிதத்திலும் கிடையாது. மூன்றாம் பகுதி கடினம் என்பதால் 20, 20, 20 என்று பிரிப்பதைவிட 17, 20, 23 என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரையும் திணறடிப்பது ஒரு கூற்று சரியா, தவறா, பத்தியில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்கும் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் வினாக்கள். ஒரு சிறு பத்தியை வைத்தே பார்ப்போம்: "பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கப்பல்கள் கடந்துபோக அதன் நடுப்பகுதி திறந்து மூடும்படி அமைக்கப்பட்டது." இப்போது மூன்று கூற்றுகள். பாலம் இருபதாம் நூற்றாண்டில் பயன்பாட்டுக்கு வந்தது: ட்ரூ. கப்பல் போக்குவரத்தைக் கருதாமல் பாலத்தை வடிவமைத்தார்கள்: ஃபால்ஸ், ஏனென்றால் பத்தி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கட்டுமானச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது: நாட் கிவன், பத்தி செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'அந்தக் காலத்தில் கடலில் பாலம் கட்டினால் செலவு கூடியிருக்கத்தானே செய்யும்' என்று நம் அறிவைக் கொண்டுவந்து சேர்த்தால் விடை தவறும். ஃபால்ஸ் என்று போடுவதற்கு முன், "இது பொய் என்று காட்டும் வரி எது?" என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நாட் கிவன்.

இந்த வகை வினாக்களின் விடைகள் பத்தியின் வரிசையிலேயே வரும். பத்திக்குத் தலைப்புப் பொருத்துவது, எந்தப் பத்தியில் எந்தத் தகவல் என்று கேட்பது, இவை வரிசையில் வராது. வரிசையில் வருவதை முதலில் முடித்துவிட்டால் பத்தி பழகிவிடும், பொருத்துவது எளிதாகும். ஒரு வினாவில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஏதோ ஒரு விடையைப் போட்டுவிட்டு, குறித்துவைத்து நகருங்கள்.

ரைட்டிங்: குறைந்த பேண்ட் பெரும்பாலும் இங்கேதான்

60 நிமிடத்தில் இரண்டு பணி. முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது குறைந்தது 250 சொல். இரண்டாவதற்கு இரட்டை மதிப்பு. எனவே 20 நிமிடம், 40 நிமிடம் என்ற பங்கீட்டை மீற வேண்டாம். முதல் பணியை மெருகேற்றிக்கொண்டே அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டு, கட்டுரையைப் பாதியில் விடுவதே 5.5 வருவதற்கு முதல் காரணம்.

மதிப்பிடுவது நான்கு அளவுகோல்களில், ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நம்மவர்கள் கடைசி இரண்டைத்தான் படிக்கிறார்கள். மதிப்பெண் முதலாவதிலேயே போய்விடுகிறது. "நகர மையத்தில் தனியார் வாகனங்களைத் தடைசெய்வதால் வரும் நன்மைகள், அதன் தீமைகளைவிட அதிகமா?" என்று வினா வருகிறது. இரண்டு பத்தியில் நன்மை, இரண்டு பத்தியில் தீமை, கடைசியில் 'இரண்டும் இருக்கின்றன' என்று முடிக்கிறார்கள். எது அதிகம் என்பதுதானே கேள்வி? அதற்குப் பதிலே இல்லை. ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அளவுகோலில் 5 பக்கம் இறங்கிவிடும். முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். அடுத்த இரண்டு பத்திகளில் பத்திக்கு ஒரே ஒரு கருத்து, அதற்கு விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு. முடிவில் அதே நிலைப்பாடு. எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் யோசிக்கவும், முடித்தபின் ஐந்து நிமிடம் திருத்தவும் கட்டாயம் ஒதுக்குங்கள்.

மனப்பாடக் கட்டுரை வேண்டாம். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும் தயார் வாக்கியங்களைத் தேர்வாளர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். தலைப்போடு ஒட்டாத வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அகாடமிக் முதல் பணியில் வரைபடம், அட்டவணை, நிலப்படம் அல்லது ஒரு செய்முறை வரும். எண்களை வரிசையாக ஒப்பிப்பது போதாது. 'மொத்தத்தில் எது கூடியது, எது குறைந்தது, எது எல்லாவற்றிலும் பெரியது' என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லும் ஒட்டுமொத்தப் பார்வை இல்லையென்றால் 6ஐத் தாண்டுவது கடினம். ஏன் கூடியது என்ற உங்கள் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது.

ஜெனரல் டிரெயினிங்கில் கடிதம். பள்ளிக்கூடத்தில் படித்த கடித வடிவத்தை இங்கே மறந்துவிடுங்கள். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, 'ரெஸ்பெக்டட் சார்', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' எதுவும் வேண்டாம். முகவரி தேவையில்லை என்று வினாவிலேயே சொல்லியிருப்பார்கள். தெரியாத அதிகாரிக்கு 'டியர் சார் ஆர் மேடம்', நண்பருக்கு 'டியர்' போட்டுப் பெயர். வினாவில் கொடுத்திருக்கும் மூன்று குறிப்புகளுக்கும் பதில் இருக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் அடி. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அலுவலக நடை வந்தாலும் குறையும்.

இலக்கணத்தில் தமிழ் பேசுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். தமிழில் இல்லாததால் 'எ', 'தி' விட்டுப்போகும். எண்ண முடியாத சொற்களுக்குப் பன்மை போட்டு 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஈக்விப்மென்ட்ஸ்' என்று எழுதுவோம். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' என்று தேவையில்லாத ஒட்டு சேர்ப்போம். எழுவாய் ஒருமையாக இருக்க வினையில் 'எஸ்' விடுவோம். எழுதி முடித்த கட்டுரையை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இதில் ஒரே ஒரு பிழையை மட்டும் தேடி வாசியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் கண்ணில் படாது.

உங்கள் கட்டுரையை வேறொருவர் திருத்தியே ஆக வேண்டும். கோச்சிங்குக்குச் செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள். லிசனிங்கையும் ரீடிங்கையும் விடைத்தாளோடு நீங்களே படித்துவிடலாம்.

ஸ்பீக்கிங்

11 முதல் 14 நிமிடம், தேர்வாளரோடு நேருக்கு நேர் அல்லது வீடியோ வழியாக. பதிவும் செய்வார்கள். எழுத்துத் தேர்வு நாளிலேயே இருக்கலாம், முன்போ பின்போ வேறு நாளிலும் இருக்கலாம். முதல் பகுதி வீடு, வேலை, படிப்பு, பிடித்தவை பற்றி நாலைந்து நிமிடம். இரண்டாவதில் ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாவது, அதே தலைப்பை ஒட்டிய பொதுவான விவாதம்.

நீங்கள் சொல்வது உண்மையா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. பிடித்த ஆசிரியர் யாருமில்லை என்றால் ஒருவரை உருவாக்கிக்கொள்ளுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், மதிப்பெண் போகாது. இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் இடையில் நிறுத்துவார். அது நேரக் கணக்குதான், நீங்கள் தவறாகப் பேசியதால் இல்லை. அதில் மனம் தளர்ந்து மூன்றாம் பகுதியைக் கோட்டை விடுபவர்கள் பலர்.

பிரிட்டிஷ்காரர் போலப் பேச முயல வேண்டாம். தமிழ் உச்சரிப்புச் சாயலுக்குக் கழிவு கிடையாது. புரியாமல் போவதற்குத்தான் கழிவு. சரிசெய்ய வேண்டியவை சில: சொல்லின் கடைசியில் 'பஸ்ஸு', 'புக்கு' என்று உகரம் சேர்ப்பது, 'எவ்ரி'யை 'யெவ்ரி' என்றும் 'ஒன்லி'யை 'வொன்லி' என்றும் தொடங்குவது, 'ஃப'வைப் 'ப'வாகச் சொல்வது. கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேட்டால் உங்களுக்கே தெரியும். கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்துவது இன்னொரு பழக்கம். பதில், காரணம், ஓர் எடுத்துக்காட்டு என்று மூன்று வாக்கியமாவது வரட்டும்.

எவ்வளவு நாள் படிக்க வேண்டும்?

முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். தேர்வு நடத்துபவர்களின் இணையதளங்களில் இலவச மாதிரிகள் இருக்கின்றன. வந்த பேண்டுக்கும் தேவையான பேண்டுக்கும் இடைவெளி அரை என்றால் ஆறு வாரம் முறையாகப் படித்தால் எட்டக்கூடியது. ஒன்றுக்கு மேல் என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் வையுங்கள். 'பத்து நாளில் எட்டு பேண்ட்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பத்து நாளில் தேர்வின் அமைப்பைப் பழகலாம், ஆங்கிலத்தைப் பழக முடியாது.

நேரத்தில் பாதியை உங்கள் மிகப் பலவீனமான பிரிவுக்குக் கொடுங்கள். நன்றாக வருவதையே திரும்பத் திரும்பப் படிப்பது மனதுக்கு இதமாக இருக்கும், சான்றிதழில் ஒன்றும் மாறாது. தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதித் தள்ளுவதும் பயன்படாது. ஒன்று எழுதினால், அடுத்த இரண்டு நாள் அதில் தவறிய ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லையா, நேரம் போதவில்லையா, வினாவைத் தவறாகப் படித்தோமா? நாலைந்து தேர்வு முடிந்ததும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து நடக்கும். இரண்டே முக்கால் மணி நேரம் உட்காரத் தயாராகப் போங்கள். கழிவறைக்குப் போகலாம், கடிகாரம் நிற்காது. கைக்கடிகாரம், கைப்பேசி உள்ளே அனுமதி இல்லை. தாமதமாகப் போனால் விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. கணினி மையத்தில் ஹெட்ஃபோன் ஒலியைத் தொடக்கச் சோதனையிலேயே சரிபாருங்கள். குறை இருந்தால் அப்போதே கையைத் தூக்குங்கள். தேர்வு முடிந்து வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதினால் பயன் குறைவு.

பணம் கொடுத்தால் தேர்வு எழுதாமலே சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் போகவே போகாதீர்கள். பல்கலைக்கழகமும் தூதரகமும் மதிப்பெண்ணை நேரடியாகத் தேர்வு நிறுவனத்தின் இணையச் சேவையில் சரிபார்க்கின்றன. போலி என்று தெரிந்தால் கனடா ஐந்து ஆண்டுகள் தடைவிதிக்கும். கொடுத்த பணத்தோடு அந்த நாட்டு வாய்ப்பும் போகும்.

ஒரு பிரிவில் மட்டும் அரை பேண்ட் குறைந்தால் இரண்டு வழிகள். ஒன்று மறுமதிப்பீடு. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். மனிதர்கள் மதிப்பிடும் ரைட்டிங்குக்கும் ஸ்பீக்கிங்குக்கும் கேட்பதில் பொருள் உண்டு. லிசனிங், ரீடிங்கில் மாறுவது அரிது. ரைட்டிங் மற்றவற்றைவிட ஒன்றரை இரண்டு பேண்ட் தாழ்ந்து, உங்கள் பயிற்சிக் கட்டுரைகளுக்கும் அதற்கும் பொருந்தவே இல்லை என்றால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று ஒன் ஸ்கில் ரீடேக். கணினியில் எழுதியவர்கள், 60 நாளுக்குள், ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். புதிய மதிப்பெண்ணோடு இரண்டாவது சான்று வரும், பழையதும் கையில் இருக்கும். ஆனால் எல்லா நாடும் எல்லாப் பல்கலைக்கழகமும் இதை ஏற்பதில்லை. ஆகவே பணம் கட்டுமுன், முதலில் நீங்கள் தாளில் எழுதிவைத்த அந்த இணையதளத்துக்கே மறுபடி போய், ஒன் ஸ்கில் ரீடேக் செல்லுமா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வந்தபின் பதிவு செய்யுங்கள். செல்லாது என்றால் அந்தப் பணத்தை முழுத் தேர்வுக்கே கட்டிவிடலாம்.